எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம்? பழைய பாரசீகச் சிற்றோவியங்களை மதிப்பிடுவது பற்றி

2022 அக்டோபரில் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் ஒரு தாள் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அஃப்ராசியாப் மன்னனின் மந்தையிலிருந்து ருஸ்தம் தன் குதிரை ரக்ஷை மீட்டுக்கொண்டு வரும் காட்சி. 16ஆம் நூற்றாண்டில் சஃபாவிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸ் நகரில் உருவான ஷாநாமா காவியப் பிரதியின் ஒரு பக்கம் அது. அதே ருஸ்தமை, அதே குதிரையை, அதே பொன்னிறக் கோடுகளைப் பழுப்பேறிய பழைய தாளில் தீட்டி இஸ்ஃபஹான் மைதானத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர் பேரம் பேசி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிற விலைதான். இரண்டுமே கையால் தீட்டியவை, இரண்டிலும் தாள் பழையது, இரண்டிலும் பாரசீக எழுத்து இருக்கிறது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

வேறுபாட்டைச் சொல்ல மதிப்பீட்டாளருக்குப் பல வழிகள் உண்டு. பாணி, நிறமி, கையொப்பம், முத்திரை, கைமாறிய வரலாறு என்று அவர் வரிசையாகப் பார்ப்பார். ஆனால் இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: இது எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம்? பழைய பாரசீகச் சிற்றோவியங்களில் பெரும்பாலானவை சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. அவை நூலின் பக்கங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த தாளின் மதிப்பு ஒன்று. கிடைக்காத தாள், எவ்வளவு அழகாக இருந்தாலும், சந்தையில் பாதி அநாதைதான்.

அந்தப் பக்கம் உருவான விதத்திலிருந்தே தொடங்கலாம். அரசவையின் கிதாப்கானா என்பது நூலகமும் பட்டறையும் சேர்ந்த இடம். கந்தல் துணியிலிருந்து, பெரும்பாலும் ஆளி, சணல் நாரிலிருந்து செய்த தாளுக்கு அங்கே கஞ்சிப்பசை ஏற்றுவார்கள். பிறகு அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். முதலில் எழுத்தர் எழுதுவார். படம் வரவேண்டிய இடத்தை அவரே வெற்றாக விட்டு, அந்த இடத்துக்குச் சரியாக முன்னால் காட்சிக்குரிய ஈரடி வந்து நிற்கும்படி வரிகளைக் கணக்கிட்டு எழுதுவார். அதன் பிறகுதான் ஓவியர் கையில் தாள் போகும். பொன்வேலைக்காரரும் கோடு போடுபவரும் தைப்பவரும் பின்னால் வருவார்கள்.

எழுத்து முன்னே, படம் பின்னே என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் போலிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். உண்மையான பக்கத்தில் படத்துக்கு மேலும் கீழும் உள்ள அடிகள் படத்தில் நடப்பதையே பேசும். ஷாநாமா என்றால் பெரும்பாலும் நான்கு பத்திகளில், சில காலங்களில் ஆறு பத்திகளில் செய்யுள் ஓடும். அதை இயற்றிய ஃபிர்தௌசியின் அடிகளை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு, காவியத்தின் எந்த இடம் என்று பாரசீகம் படிக்கத் தெரிந்தவர் சிறிது நேரத்திலேயே சொல்லிவிடுவார். தாளின் பின்பக்கத்தில் கதை தொடர வேண்டும். வலப்பக்கத் தாளின் அடியில் ஓரமாக, அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதி வைப்பது வழக்கம். தைப்பவர் வரிசை தப்பாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நூற்றாண்டுகள் கழித்துச் சிதறிய பக்கங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் அதுவே உதவுகிறது.

கடைவீதித் தாளை இதே கண்ணோடு பாருங்கள். நடுவில் போலோ ஆடும் இளைஞர்கள். சுற்றிலும் உள்ள எழுத்தோ அரபி இலக்கணம், அல்லது சட்டநூல், அல்லது வழிபாட்டு நூல். சில சமயம் அது கையெழுத்துகூட இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஈரானிலும் இந்தியாவிலும் கல்லச்சில் அடித்த புத்தகத் தாள். படிக்கத் தெரியாத வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுத்து என்பது அலங்காரம் மட்டுமே என்று கடைக்காரருக்குத் தெரியும். தாளை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்தால், வண்ணத்தின் அடியில் மறைந்துபோன எழுத்துவரிகள் மேடாகத் தெரியும். ஓவியர் இடம் விட்டு எழுதிய பக்கத்தில் வரையவில்லை. எழுதி முடித்த பக்கத்தின் மேல் பூசியிருக்கிறார்.

பூச்சி அரித்த ஓட்டை இன்னும் நேர்மையான சாட்சி. பழைய தாளில் பழைய படம் இருந்தால் பூச்சி இரண்டையும் சேர்த்துத்தான் துளைத்திருக்கும். ஓட்டையின் விளிம்பில் வண்ணம் வெட்டுப்பட்டதுபோல் நிற்கும். தாளில் ஓட்டை விழுந்த பிறகு படம் தீட்டியிருந்தால் வண்ணம் ஓட்டைக்குள் வழிந்திருக்கும், அல்லது தூரிகை அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும், இதைப் பார்த்துவிடலாம். மதிப்பீட்டு அலுவலகங்களுக்கு வரும் தாள்களில் மிகப் பல இந்த முதற் சோதனையையே தாண்டுவதில்லை. ஒட்டக எலும்புத் தகட்டில் தீட்டி, மரமும் எலும்பும் பதித்த காத்தம் சட்டத்தில் பூட்டிய சிறு படங்களும் இந்த வகையே. அவற்றில் நல்ல கைவேலை உண்டு, பழமை இல்லை. பாட்டனார் 1960களில் தெஹ்ரானில் வாங்கினார் என்பது குடும்பத்துக்கு நல்ல நினைவு. அதனால் அது பழம்பொருள் ஆகிவிடாது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் எல்லாப் படங்களையும் கடைச்சரக்கு என்று தள்ளிவிட முடியாது. ஹுசைன் பெஹ்ஸாத், மஹ்மூத் ஃபர்ஷ்சியான் போன்றவர்கள் இந்த மரபைத் தங்கள் வழியில் புதுப்பித்தவர்கள். அவர்களின் படத்தை நவீனக் கலைப்படைப்பாக மதிப்பிட வேண்டும். அதைப் பழையதாகக் காட்ட முயல்பவர்தான் அதன் மதிப்பைக் கெடுக்கிறார்.

முதற் சோதனையைத் தாண்டிய தாளுக்குக் காலமும் ஊரும் குறிக்க வேண்டும். பாடநூல்கள் இதை மங்கோலியர் காலத் தப்ரீஸ், இஞ்ஜூ ஆட்சி ஷிராஸ், தைமூரியர் ஹெராத், துருக்மான், சஃபாவியர் தப்ரீஸ், கஸ்வீன், மஷ்ஹத், இஸ்ஃபஹான், பிறகு கஜார் என்று நீண்ட பட்டியலாகத் தருகின்றன. அதை முழுக்க இங்கே விரிக்கத் தேவையில்லை. நடைமுறையில் கைகொடுப்பவை சில சின்னஞ்சிறு அடையாளங்கள்தாம். தலைப்பாகை அவற்றில் முதன்மையானது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சஃபாவியரின் ஆட்கள் பன்னிரண்டு மடிப்புள்ள தொப்பியின் மேல் தலைப்பாகை சுற்றினார்கள். தொப்பியின் உச்சியிலிருந்து மெல்லிய கம்பு ஒன்று, பெரும்பாலும் சிவப்பாக, விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியதும் அந்தக் கம்பு மெல்ல மறைகிறது. ஷா அப்பாஸ் காலத்து இஸ்ஃபஹானில் தளர்வாகச் சுற்றிய பெரிய தலைப்பாகைகளும், ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்கும் இளைஞர்களும் வருகிறார்கள். 1450 என்று தேதி போட்ட பக்கத்தில் அந்தச் சிவப்புக் கம்பு நிமிர்ந்து நின்றால் தேதி பொய், அல்லது படம் பின்னால் சேர்த்தது.

எழுத்தின் வடிவமும் அப்படித்தான். நஸ்தஅலீக் என்னும் சாய்ந்து இறங்கும் எழுத்துமுறை 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. அதற்கு முந்தைய தேதியைத் தாங்கிய பக்கத்தில் முதிர்ந்த நஸ்தஅலீக் இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டிய வேலையே இல்லை. நூலின் இறுதியில் எழுத்தர் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு எழுதும் முடிவுக் குறிப்பையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓர் எண்ணைச் சுரண்டித் திருத்தினால் நூறாண்டு கூடிவிடும். சுரண்டிய இடத்தில் தாளின் மெருகு போயிருக்கும். சாய்வெளிச்சத்தில் அது மங்கலாகத் தெரியும்.

இந்திய வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாரசீக மொழியில் எழுதிய படப்பிரதி எல்லாம் பாரசீகத்தில் செய்ததல்ல. தில்லி, ஆக்ரா, லாகூர் அரசவைகளிலும், தக்காண சுல்தான்களிடமும், புகாராவிலும் பாரசீகமே இலக்கிய மொழி. மீர் சையித் அலியும் அப்துஸ் ஸமதும் ஈரானிலிருந்து ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தவர்கள். முகலாய ஓவியப் பட்டறை அவர்கள் கையில்தான் தொடங்கியது. அதனால் தொடக்ககால முகலாயப் பக்கத்தையும் ஈரானியப் பக்கத்தையும் பிரித்தறிவது அறிஞர்களுக்கே சிக்கலான வேலை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் காஷ்மீரில் ஷாநாமாவும் ஹாஃபிஸும் நிஸாமியும் படங்களோடு ஏராளமாகப் பிரதி எடுக்கப்பட்டன. இந்தியாவில் பழைய குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து வெளிவரும் ‘பாரசீக’ ஓவியங்களில் இந்தக் காஷ்மீர்ப் பிரதிகளின் பக்கங்கள் கணிசமானவை. அவை பழையவைதாம், உண்மையானவைதாம். தப்ரீஸ், ஹெராத் விலையை மட்டும் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாடு போகவும் வேண்டாம். ஐதராபாத் சாலார் ஜங், ராம்பூர் ரஸா, பாட்னா குதா பக்ஷ் ஆகிய இடங்களில் உள்ள தொகுப்புகள் உலகத் தரமானவை.

பெயருக்கு வருவோம். வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்ததும் மதிப்பீட்டாளருக்கு மிகவும் எரிச்சல் தருவதும் கையொப்பம்தான். ஹெராத்தின் ஓவியர் பிஹ்ஸாத் புகழ்பெற்ற நாளிலிருந்தே அவர் பெயரைப் படங்களின் ஓரத்தில் எழுதிவைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. எழுதியவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் அல்லர். பலர் அந்தப் படத்தை வைத்திருந்த இளவரசர்கள், நூலகப் பொறுப்பாளர்கள். தங்கள் ஊகத்தையோ ஆசையையோ எழுதினார்கள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர்கூடத் தம் நூலகப் பிரதிகளில் இப்படிக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். பிஹ்ஸாதின் கை என்று ஐயமின்றி ஏற்கப்படுபவை மிகச் சில. 1488ஆம் ஆண்டில் எடுத்த பூஸ்தான் என்னும் நூலின் பிரதி அவற்றில் தலையாயது. இன்று கெய்ரோவில் இருக்கிறது. அதில் அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டடத்தின் எழுத்துப் பட்டையிலும் அரசனின் அம்பறாத்தூணியிலும் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஓரத்தில் பெரிய எழுத்தில் ‘பிஹ்ஸாத்’ என்று கூவும் படத்தைக் கண்டால் சற்று விலகி நிற்பதே நல்லது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறுகிறது. நூலோடு சேராத தனித்தாள் படங்கள் இஸ்ஃபஹானில் பெருகின. அரசவைக்கு வெளியே இருந்த பணக்காரர்களும் ஒரு தாளை வாங்கித் தங்கள் தொகுப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். இந்தப் படங்களுக்கு ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வி பொருந்தாது. இங்கே கையொப்பத்துக்கும் அதோடு வரும் குறிப்புக்கும் எடை கூடுகிறது. ரிஸா அப்பாஸியின் படங்களில் எளியவன் ரிஸா வரைந்தது என்ற பாங்கில் வரும் வாசகம் நன்கு அறியப்பட்டது. அதனாலேயே அதிகம் போலி செய்யப்பட்டதும் அதுதான். அவர் மாணவர் முயின் முஸவ்விர் நாள், மாதம், சந்தர்ப்பம் எல்லாம் எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர். தம் ஆசிரியரின் உருவப்படத்தை 1635இல் தொடங்கி 1673இல் முடித்ததாக அவரே எழுதியிருக்கும் படம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இப்படி நிறைய எழுதிவைத்தவர்களைப் போலி செய்வது கடினம், ஏனென்றால் பொய்க்காரர் வழுக்கி விழ இடம் அதிகம்.

கோட்டின் தரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். படத்தில் ஊசித்துளைகள் வழியே கரிப்பொடி தட்டிப் படியெடுத்த தடம் தெரிந்தால் உடனே போலி என்று முடிவுகட்டுகிறார்கள். பழைய பட்டறைகளே அப்படித்தான் வேலை செய்தன. ஒரு நல்ல குதிரை உருவம் மூன்று தலைமுறை ஓவியர்களிடம் சுற்றி வந்திருக்கும். பார்க்க வேண்டியது தூரிகை ஓடிய விதத்தை. தேர்ந்த கை புருவத்தை ஒரே இழுப்பில் போட்டுவிடும். பார்த்து வரைபவரின் கோடு வழியில் எங்கோ ஓரிடத்தில் தயங்கும், லென்ஸில் அந்தத் தயக்கம் சின்ன முடிச்சாகத் தெரியும்.

இனி நிறமிகள். பாரசீக ஓவியரின் நீலம் பதக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலிக் கல், அல்லது அவுரி. மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும், வெள்ளைக்கு ஈய வெள்ளை, பச்சைக்குச் செம்புக் களிம்பு. பொன்னையும் வெள்ளியையும் பொடியாக்கிப் பிசினில் கலந்து பூசினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முதுமை அடையும், அந்த முதுமையைப் போலி செய்வது எளிதல்ல. வெள்ளி கறுத்துவிடும். ஓடையும் குளமும் கருஞ்சாம்பல் நிறமாகத் தெரிகிற பக்கங்களைப் பார்த்து ஓவியர் இரவுக்காட்சி வரைந்திருக்கிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் பளபளத்தது. செம்புக் களிம்பு தாளையே அரித்துவிடும். படத்தைச் சுற்றிப் போட்ட பச்சைச் சட்டக்கோடு, நூற்றாண்டுகளில் கத்தி வைத்து வெட்டியதுபோல் தாளைப் பிளந்து, நடுப்படம் மட்டும் தனியே கழன்று வரும். ஈய வெள்ளை காற்றில் உள்ள கந்தகத்தால் கறுத்து, அழகியின் முகத்தில் கரும்புள்ளிகள் வரும். முகங்கள் சந்தேகப்படும்படி பளிச்சென்று இருக்கும் பக்கத்தில், அந்த முகங்களைப் பின்னால் யாரோ மீண்டும் எழுதியிருக்கிறார்கள் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். 19, 20ஆம் நூற்றாண்டு வணிகர்கள் இதைத் தாராளமாகச் செய்தார்கள்.

நிறமி ஒரு பெரிய போலியைக் கவிழ்த்த கதை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை. கைகாவூஸ் என்னும் சிற்றரசர் தம் மகனுக்கு அறிவுரையாக எழுதிய காபூஸ்நாமா 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நூல். 1950 வாக்கில் அதன் கையெழுத்துப் பிரதி ஒன்று சந்தைக்கு வந்தது. அதில் இருந்த தேதியைக் கணக்கிட்டால் 1090. நூல் எழுதிச் சில ஆண்டுகளிலேயே எடுத்த பிரதி. அதிலும் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். பாரசீக மொழியில் படத்தோடு கிடைத்தவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் வர்க்கா-குல்ஷா கதைப் பிரதியே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆகவே இது உண்மையானால் கலை வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். மதிப்புள்ள அறிஞர்கள் சிலர் நம்பினார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி கலை அருங்காட்சியகம் ஒரு பகுதியை வாங்கியது.

ஈரானிய அறிஞர் முஜ்தபா மினோவி வேறு பக்கத்திலிருந்து வந்தார். படங்களை விட்டுவிட்டு மொழியைப் படித்தார். 11ஆம் நூற்றாண்டில் எழுதுகிறவர் செய்யமாட்டாத மொழிப் பிழைகளை எடுத்துக்காட்டிப் போலி என்றார். பிறகு வேதியியல் சோதனையில் படங்களில் பிரஷ்ய நீலம் இருப்பது தெரிந்தது. அந்த நிறமி பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அதோடு விவாதம் முடிந்தது. எல்லாரும் நினைவில் வைத்திருப்பது பிரஷ்ய நீலத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது மினோவி. ஆய்வகம் சொல்லும் முன்பே, பக்கத்தைப் படித்தவர் சொல்லிவிட்டார்.

ஆய்வகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸ் கதிர் ஒளிர்வும் ராமன் நிறமாலையும் தாளைத் தொடாமலே நிறமியைச் சொல்லிவிடுகின்றன. நல்ல நுண்ணோக்கி ஒன்றே போதும் இடங்களும் உண்டு. அரைத்த லாபிஸ் துகள்கள் ஒழுங்கில்லாமல், கூர்முனைகளோடு, இடையிடையே வெண்ணிறக் கனிமத்தோடு கிடக்கும். 1820களின் பிற்பகுதியில் பிரான்சில் கண்டுபிடித்த செயற்கை அல்ட்ராமெரின் துகள்கள் நுண்மணிகளாக ஒரே அளவில் இருக்கும். டைட்டானியம் வெள்ளை கிடைத்தால் அந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தூரிகை பட்டிருக்கிறது. இவை எல்லாமே ‘இல்லை’ என்று சொல்வதற்கு வல்லவை. ‘ஆம்’ என்று சொல்வதற்கு அவ்வளவு பயன்படுவதில்லை. பழைய நிறமிகளை இன்றும் வாங்கி அரைக்கலாம். கதிர்க்கரிமக் காலக்கணிப்பு தாளின் வயதைத்தான் சொல்லும். பழைய வெற்றுத்தாள் கிடைத்தவருக்கு அந்தச் சோதனை ஒரு தடையே அல்ல. அதோடு 17ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தைய பொருள்களுக்கு அந்தக் கணிப்பு மிக அகலமான கால எல்லையைத்தான் தருகிறது. சான்றிதழில் ‘ஆய்வகப் பரிசோதனை செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன சோதனை, எந்த இடத்தில், என்ன விடை என்று கேட்க வேண்டும்.

இதுவரை பேசியது உண்மை எது, போலி எது என்பது. இன்னொரு வகை உண்டு, அதுதான் இந்தத் துறையின் தீராத வெட்கம்: உண்மையான பக்கம், ஆனால் சிதைத்து எடுக்கப்பட்டது. 1330களில் மங்கோலியர் ஆட்சியில் தப்ரீஸில் செய்த மாபெரும் ஷாநாமா ஒன்று 1910 வாக்கில் பாரிஸ் வணிகர் ஜார்ஜ் டெமோட்டின் கைக்கு வந்தது. முழுப் புத்தகமாக நல்ல விலை கிடைக்கவில்லை. பிரித்து விற்றார். ஒரு தாளின் இரு பக்கத்திலும் படம் இருந்த இடங்களில், இரண்டு படமாக விற்பதற்காகத் தாளையே நடுவில் உரித்து இரண்டாக்கினார்கள். உரித்த படங்களை வேறு எழுத்துப் பக்கங்களின் மேல் ஒட்டினார்கள். உரிக்கும்போது கெட்டவை கெட்டன. இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் அந்தப் படங்கள் அறுபதுக்கும் குறைவு. புத்தகத்தின் அமைப்பை மீட்டெடுக்க அறிஞர்கள் பல்லாண்டு உழைத்தும், எந்தப் படம் எந்த எழுத்துக்கு உரியது என்பதில் இன்னும் தீராத இடங்கள் உண்டு. புத்தகத்தைக் கொன்ற வணிகரின் பெயரையே நீண்ட காலம் அந்தப் புத்தகத்துக்குச் சூட்டி ‘டெமோட் ஷாநாமா’ என்று அழைத்தார்கள்.

தொடக்கத்தில் சொன்ன தஹ்மாஸ்ப் பிரதிக்கும் இதே கதிதான், கொஞ்சம் நாகரிகமாக. 258 படங்கள் கொண்ட அந்த நூலை 1568இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் செலீமுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பாரிஸில் ரோத்ஸ்சைல்டு குடும்பத்திடம் இருந்தது. 1959இல் அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹௌட்டன் வாங்கினார். நானூறு ஆண்டு ஒரே கட்டாக இருந்த நூலை அவர் பிரித்தார். 78 படங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1976லிருந்து தாள்கள் ஏலத்துக்கு வரத் தொடங்கின. 2011இல் ஒரு தாள் 74 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஹௌட்டன் இறந்த பிறகு, 1994இல், எஞ்சியிருந்த 118 படங்களும் எழுத்துப் பக்கங்களும் அட்டையும் ஈரானுக்குத் திரும்பின. பணம் கைமாறவில்லை. தெஹ்ரான் அருங்காட்சியகத்தில் இருந்த வில்லெம் டி கூனிங்கின் ‘பெண் 3’ என்ற ஓவியத்தைக் கொடுத்து, வியன்னா விமான நிலையத்தில் மாற்றிக்கொண்டார்கள். அந்த டி கூனிங் ஓவியம் 2006இல் 13 கோடியே 75 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஈரான் ஏமாந்துவிட்டது என்று அப்போது பேசியவர்கள் உண்டு. சந்தைக் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த நூலின் எஞ்சிய பகுதியாவது ஒரே இடத்தில் இருக்கிறது என்பதற்கு எந்த ஏல மன்றத்திலும் விலை குறிக்க முடியாது.

இதிலிருந்து மதிப்பீட்டாளருக்கு ஓர் இக்கட்டு பிறக்கிறது. முழு நூலின் விலையைவிட அதன் தாள்களைத் தனித்தனியே விற்றுக் கூட்டினால் அதிகம் வருகிறது. ‘இதைப் பிரித்து விற்றால் எவ்வளவு?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு ஒரு தொகையைச் சொன்னாலே கத்தியை எடுத்துக் கொடுத்தது போலாகும். என் கருத்தில், தைத்த நிலையில் இருக்கும் பிரதிக்குத் தாள்வாரி விலை சொல்ல மறுப்பதே மதிப்பீட்டாளரின் கடமை. இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். உடைமை அவருடையது, கணக்குச் சொல்வது நம் தொழில் என்பார்கள்.

கைமாறிய வரலாறு விலையை இரட்டிப்பாக்கும், சில வேளை பூஜ்யமாக்கும். 1910இல் மியூனிக்கில் நடந்த பெரும் இஸ்லாமியக் கலைக் கண்காட்சியிலும் 1931இல் லண்டன் பர்லிங்டன் இல்லத்தில் நடந்த பெரும் பாரசீகக் கலைக் கண்காட்சியிலும் வைத்த படங்களின் முதுகில் சில சமயம் அந்தச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கும். பாரிஸ் நகை வணிகர் ஆன்ரி வெவேரின் தொகுப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பின் எங்கே போனது என்று தெரியாமல் பல பத்தாண்டுகள் மறைந்திருந்தது. 1986இல் ஸ்மித்சோனியன் அதை வாங்கியது. இப்படி மறைந்துபோகும் பக்கத்தைப் பழைய கண்காட்சிப் பட்டியலோடு ஒப்பிட்டு அடையாளம் காணலாம். ஆகவே படச்சட்டத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பின்னட்டையைத் தூக்கி எறியும் கடைக்காரர் பெரிய கேடு செய்கிறார்.

சட்டமும் உண்டு. ஈரான் 1930இலேயே பழம்பொருள் சட்டம் இயற்றியது. ஸந்து வம்சத்தின் முடிவு வரை, அதாவது 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை செய்த பொருள்கள் அதில் அடங்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியமும், 75 ஆண்டு கடந்த மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள்தான். படமுள்ள பிரதிகளைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஓவியம் பாரசீகத்தில் வரைந்தது, இந்தியப் பொருள் இல்லை என்று சமாதானம் சொல்லி லண்டனுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் சிக்கிக்கொள்வார்கள். பல நூற்றாண்டாக இந்தியாவில் இருக்கும் பொருளுக்கு இந்தியச் சட்டம்தான். இதனால் இங்கே உள்ள ஒரு பக்கத்தின் விலையை லண்டன் ஏல விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. வெளியே போக முடியாத பொருளுக்கு உள்ளூர்ச் சந்தை விலைதான் விலை.

விலை என்பதும் ஒன்றல்ல. காப்பீட்டுக்காகச் சொல்லும் தொகை, அதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் தேடி வாங்க ஆகும் செலவு. அது எப்போதும் உயரமாக இருக்கும். பாகப்பிரிவினைக்குச் சொல்வது, விற்க விரும்புபவரும் வாங்க விரும்புபவரும் நெருக்கடியின்றி ஒத்துக்கொள்ளக்கூடிய தொகை. ஏல மன்றம் சொல்லும் முன்மதிப்பு, கூட்டத்தை ஈர்க்கும் நோக்கத்தோடு சற்றுத் தாழ்த்தி வைத்தது. ஒரே தாளுக்கு மூன்று தொகையும் மூன்று விதமாக இருக்கும், மூன்றும் நேர்மையாகவே இருக்கும். காப்பீட்டுத் தாளில் உள்ள எண்ணைக் காட்டி அண்ணன் தம்பிகள் சண்டை போடுவது இதைப் புரிந்துகொள்ளாததால்தான். மதிப்பீட்டுக் கட்டணத்தைப் பொருளின் விலையில் இத்தனை விழுக்காடு என்று கேட்பவரையும், மதிப்பிட்டு முடித்த கையோடு ‘நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்பவரையும் தவிர்த்துவிட வேண்டும். அவர் சொல்லும் எண்ணில் அவருடைய ஆதாயமும் கலந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாள் இருந்தால், படச்சட்டத்திலிருந்து நீங்களாகப் பிரிக்காதீர்கள். வண்ணம் கண்ணாடியில் ஒட்டியிருக்கக்கூடும். துடைக்காதீர்கள், நாடா ஒட்டாதீர்கள், வெயில்படும் சுவரிலிருந்து இறக்கி வையுங்கள். கிடைத்த விதத்தை, யார், எங்கே, எந்த ஆண்டில் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். பழைய ரசீதோ கடிதமோ இருந்தால் அதோடு சேர்த்து வையுங்கள். பிறகு பாரசீகம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தைக் காட்டுங்கள். விலை சொல்பவரிடம் அதற்குப் பிறகு போனால் போதும்.